பள்ளிவாசல் பாதையைப் பார்த்த குசினி யன்னல்

அன்று பின்னேரம் என் மகளுக்கு மூச்சு முட்டியது என் அடுப்புப் புகையாலா, காலையிலிருந்தே அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த தடிமனாலா?

டொக்டரிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம் அம்மா" என்றார். மாமியிடம் கேட்டேன். கண்ணூறு என்றார். கட்டாரில் வேலை செய்யும் என் கணவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "இப்ப சுகந்தானே, என்னத்துக்குத் திரும்பத் திரும்ப அதையே யோசிக்கிறீங்க?" என்றார்.

சுகந்தான். அவளுக்கு இப்போது பால்பற்கள் விழத் தொடங்கிவிட்டன. பாடசாலைக்கு ஓடுகிறாள், ஓடி வருகிறாள். அவள் ஓடி வந்து நிற்கும்போதெல்லாம் நான் குனிந்து அவளுடைய நெஞ்சில் காதை வைத்துப் பார்க்கிறேன். "உம்மா, கூசுது" என்று தள்ளிவிடுகிறாள்.

எங்கள் வீடு கற்பிட்டிக்குப் போகும் வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையில் இருக்கிறது. நான் இந்த ஊர்க்காரி அல்ல. என் உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்தவர்கள். நான் புத்தளத்து முகாமொன்றில் பிறந்து, இங்கேயே உயர்தரம் வரை படித்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவர்கள் தங்கள் காணிக்குத் திரும்பிப் போனார்கள். நான் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு இங்கேயே நின்றுவிட்டேன். மகள் பிறந்து தவழத் தொடங்கியபோது என் கணவர் கட்டாருக்குப் போனார். அவருடைய உம்மா, என் மாமி, அடுத்த ஒழுங்கையில் தன் மகளோடு இருந்தார். பின்னேரங்களில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்.

பிள்ளை சொற்களைப் பழகட்டும் என்று நான் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். "இப்ப உம்மா பருப்புக் கழுவுறா. இப்ப உம்மா வெங்காயம் வெட்டுறா." ஒருநாள் அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தபோதும் நான் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு சமைத்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

எங்கள் குசினி வீட்டின் பின்பக்கம், தகரக் கூரையின் கீழே இருக்கிறது. இரண்டு யன்னல்கள். ஒன்று மேற்கே, கடலைப் பார்த்தது. மற்றது கிழக்கே, பள்ளிவாசலுக்குப் போகும் பாதையைப் பார்த்தது. கிழக்கு யன்னலுக்கும் பாதைக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான். வேலி இடுப்பளவு. ஐந்து நேரத் தொழுகைக்கும் ஆண்கள் அதை ஒட்டியே நடந்து போவார்கள். அதனால் வீடு குடிபுகுந்த வாரமே என் கணவர் அந்த யன்னலுக்கு வெளியே ஒரு பலகையை ஆணி அடித்து மூடினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலையில் ஷோல் இல்லாமல், வீட்டு உடுப்போடு, வியர்க்க வியர்க்க நின்று வேலை செய்யும் இடம் குசினி. கேஸ் அடுப்பில் சமைத்தவரைக்கும் அந்த யன்னல் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பிறகு நாடு முழுவதும் கேஸ் இல்லாமற் போன வருடம் வந்தது. வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்து, ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டி, பக்கத்திலேயே ஆண்கள் காத்துக் கிடந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் காத்துக் கிடக்க ஆள் இல்லை. மின்சார ஆலையின் புகைக்கூண்டு தென்னைகளுக்கு மேலே தெரிகிற ஊர் இது. அந்த நாட்களில் கரண்டும் மணித்தியாலக் கணக்கில் நின்றதால் மின்னடுப்பையும் நம்ப முடியவில்லை. மண் அடுப்பொன்றை வாங்கிக் குசினித் திட்டில் வைத்தேன். பக்கத்துத் தென்னங்காணியில் பொறுக்கிய மட்டையும் பன்னாடையும் சிரட்டையும்தான் விறகு.

உம்மா மன்னாரிலிருந்து அழைத்துச் சொன்னார்: "மகள், இஞ்ச வந்து கொஞ்ச நாள் நில்லுங்களேன். நாங்க வெளியில அடுப்பு மூட்டித்தான் ஆக்குறம். புகை அதுபாட்டுக்குப் போகும்."

"டீசல் இல்லாம பஸ்ஸும் ஒழுங்கா ஓடல்லையே உம்மா. மாமியும் என்ன நினைப்பா?"

"மாமி என்ன நினைப்பா எண்டு யோசிச்சே நீங்க நரைச்சுப் போயிருவீங்க" என்றார் உம்மா.

எங்கள் வீட்டில் வெளியே அடுப்பு மூட்ட வழியில்லை. பின்முற்றம் முழுவதும் கச்சான் காற்று. மாதக்கணக்கில் கடலிலிருந்து மணலையும் வாரிக்கொண்டு அடிக்கும் காற்று அது. ஒருநாள் மூட்டிப் பார்த்தேன். நெருப்பு கிடுகு வேலிப் பக்கம் சாய்ந்ததைக் கண்டு தண்ணீரை ஊற்றி அணைத்தேன்.

மண் அடுப்புக்கு மாறிச் சில வாரங்களில் மகளுக்கு மூச்சிழுப்புத் தொடங்கியது. அதற்கு முன்னும் தடிமன் வந்தால் நெஞ்சு கொஞ்சம் கரகரக்கும். இது வேறு மாதிரி. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாயில் வைத்து அடிக்கும் பம்ப் ஒன்றைத் தந்தார்கள். அங்கிருந்த தாதி கேட்டார், "வீட்டில விறகா?"

"ஓம்."

"யன்னலைத் திறந்து வச்சுத்தான் சமைக்கணும். காற்று வந்து போகணும்."

நான் சொன்னதைச் செய்கிறவள். அன்றிலிருந்து மேற்கு யன்னலை விரியத் திறந்து வைத்துச் சமைத்தேன். காற்று உள்ளே வந்தது. வந்து நெருப்பைப் படுக்கப் போட்டது. சுவாலை பானையின் அடியில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடியது. ஒரு பானைச் சோறு வேக முன்னர் எரிந்ததைப்போல இரண்டு மடங்கு மட்டை எரிந்தது. மட்டை கூடினால் புகையும் கூடும்தானே. பருப்பில் மணல் கடிபட்டது. பிஸ்கட் தகரமொன்றை வெட்டி விரித்து அடுப்பைச் சுற்றி மறைப்பு வைத்தேன். பருப்பைக் காலையிலேயே ஊறப் போட்டேன். பானையை மூடாமல் எதையும் வேகவைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். விறகு குறைந்தது. பிள்ளையின் இழுப்பு குறையவில்லை.

எனக்கு விளங்கவேயில்லை. சமைக்கிற நேரத்தில் அவளை நான் குசினிக்குள் விடுவதில்லை. உள்ளறையில் விளையாட விட்டிருந்தேன். யன்னலும் திறந்திருந்தது. பிறகு என்ன?

ஒருநாள் பகல் தூக்கத்திலிருந்து அவளைத் தூக்கி உச்சியில் முத்தமிட்டேன். முடி முழுவதும் புகை மணம். தலையணையை மணந்து பார்த்தேன். அதிலும் புகை.

அது வியாழக்கிழமை. பொழுதுபடும் நேரத்து மஃரிப் தொழுகைக்கு முன்னர் வழக்கம்போலச் சிரட்டைக் கரியில் சாம்பிராணி போட்டுச் சட்டியை வீடு முழுக்கக் கொண்டு திரிந்தேன். குசினிக்குள் வந்து மேற்கு யன்னலுக்குக் கிட்டே நின்றபோது புகை வெளியே போகவில்லை. என் கையிலிருந்து நேரே வீட்டுப் பக்கம் திரும்பி, நூல் பிடித்ததுபோல உள்வாசலுக்குள் நுழைந்து, அறைக்குள் அவளுடைய கட்டிலை நோக்கிப் போனது. சட்டியை அங்கே பிடித்தேன், இங்கே பிடித்தேன். எங்கே பிடித்தாலும் அதே பாதைதான். கடலிலிருந்து வந்த காற்றுக்கு வெளியே போக வேறு வாசல் இல்லை. எதிரே இருந்த யன்னல் பலகையடித்துக் கிடந்தது. நான் திறந்து வைத்த யன்னல்தான் ஒவ்வொரு வேளையும் புகையைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பிள்ளையிடம் விட்டிருக்கிறது.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். காற்று எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தேன். எங்கே போகும் என்று பார்க்கவில்லை.

அன்றிரவு கணவர் அழைத்தபோது, "அந்தக் கிழக்கு யன்னல் பலகையைக் கழட்டவா?" என்று கேட்டேன்.

"என்ட உம்மா என்ன சொல்றா?"

"இன்னும் கேக்கல்ல."

"என்னைக் கேட்டா நான் ஓம் எண்டுவன். உம்மாவைக் கேட்டா அவ இல்ல எண்டுவா. நீங்க யாரைக் கேக்கப் போறீங்க?"

"இப்பதானே கேட்டுட்டன்."

சிரித்தார். பிறகு குரல் மாறி, "ஷோல் போட்டுக்கொண்டு அடுப்புக்கிட்ட நிக்கிறது கவனம். நெருப்பு" என்றார். நான் பயந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான். யன்னலைத் திறந்தால் ஷோலோடு சமைக்க வேண்டும். நைலோன் துணி. ஒரு பொறி போதும்.

அடுத்த நாள் தேங்காய் உடைக்கும் கத்தியைச் செருகி ஆணிகளை நெம்பினேன். பலகை வேலிப் பக்கமாக விழுந்தது. யன்னல் கதவைத் தள்ளித் திறந்தேன். குசினிக்குள் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கூரையின் கீழே எவ்வளவு கரி பிடித்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அடுப்பை மூட்டினேன். மேற்கால் வந்த காற்று புகையைத் தூக்கிக் கிழக்கால் கொண்டுபோனது. உள்வாசலில் நின்று பார்த்த மகள், "உம்மா, புகை வெளிய போகுது. ஸலாம் சொல்லுவமா?" என்று கையை ஆட்டினாள்.

பின்னேரம் மாமி வந்தார். வாசலுக்கு வராமல் வேலிக்கு அப்பால் நின்றே பார்த்தார்.

"என்ன புள்ள, கடை தொறந்திரிக்கா?"

"புகை மாமி. பிள்ளைக்கு ஏலாம இரிக்கு."

"பள்ளிக்குப் போற ஆம்புளயள் எல்லாம் இண்டைக்கு என்ன கறி எண்டு எட்டிப் பாத்துட்டுப் போகட்டும் எண்டா?"

"பருப்பு மட்டுந்தானே மாமி. பாத்துப் பாவப்பட்டு ஆராவது மீன் கொண்டுவந்து தரட்டும்."

மாமியின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டார். "வாய் நல்லாத்தான் இரிக்கு. மன்னார் வாய்." உள்ளே வந்து யன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாங்கு சொன்னா மூடு. ஆக்கள் தொழுதுட்டுத் திரும்பிப் போன பொறகு தொற. அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அதற்கு மேல் கேட்க எனக்கும் துணிவில்லை. ஆகவே என் சமையல் தொழுகை நேரங்களுக்குள் அடைபட்டது. யன்னல் மூடியிருக்கும்போது நெருப்பு எரியக்கூடாது. பாங்குக்கு முன்னர் கறி முடிந்துவிடும், சோறு முடியாது. பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்தால் அது அப்படியே நின்றுவிடும்.

அப்போதுதான் கம்பளி நினைவுக்கு வந்தது. கணவர் முதல் விடுமுறையில் கொண்டுவந்தது. பெரிய சிவப்பு ரோசாப்பூப் போட்ட தடித்த கம்பளி. எங்கள் ஊர் வெக்கைக்கு அதை யார் போர்த்துவது? அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தேன். சூடு வெளியே போகாவிட்டால் நெருப்பில்லாமலே அரிசி வேகும் என்று தெரியும். நன்றாகக் கொதித்து அரிசி பாதி மலர்ந்ததும் பானையை மூடியோடு இறக்கி, ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்துக் கம்பளியால் இறுகச் சுற்றினேன். அடுப்பை அணைத்தேன். யன்னலை மூடினேன். பகல் நேரத்து லுஹர் தொழுதவர்களின் செருப்புச் சத்தம் திரும்பிப் போய் ஓய்ந்த பிறகு பிரித்துப் பார்த்தேன். சோறு பூவாக மலர்ந்திருந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பிள்ளையை எழுப்பிக் காட்டினேன்.

அவள் ஒரு வாய் வாங்கி, துப்பினாள். "உம்மா, இது அலுமாரிச் சோறு."

உண்மைதான். பூச்சி உருண்டை மணம் சோற்றுக்குள் இறங்கியிருந்தது. பின்னேரம் மாமி மூடியைத் திறந்து மணந்துவிட்டு, "நல்லம். இனி இந்தச் சோத்துல வண்டு விழாது" என்றார். பிறகு கம்பளியைக் கண்டார். "இது என்ட மகன் கொண்டுவந்ததல்லவா? மனிசன் போத்துற கம்பளிக்குள்ள சோத்துப் பானையா?"

"அவர் இஞ்ச இருந்தா அவர் போத்தட்டும் மாமி."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு நான் மருமகள். ஆனால் அவரும் மகனைப் பிரிந்திருப்பவர்தான். அன்று முழுக்க அதையே யோசித்தேன்.

கம்பளியைத் தோய்த்து, மணம் போகும்வரை வெயிலில் காயப் போட்டேன். பிறகு சோறு சோறாகவே இருந்தது. விறகும் பாதியாகக் குறைந்தது. மகளின் நெஞ்சும் தணிந்து வந்தது. இரவில் அவள் பக்கத்தில் படுத்து, சத்தமில்லாத அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பின்னேரம் வந்தது. காலையில் எழும்பும்போதே அவளுக்கு மூக்கு ஒழுகியது. சூடாகக் கஞ்சி கொடுத்தால் நல்லது என்று பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னர் அடுப்பை மூட்டினேன். மட்டை ஈரம், பிடிக்க நேரமெடுத்தது. கஞ்சி கொதிக்கத் தொடங்கும்போது பாங்கு கேட்டது. இன்னும் கொஞ்ச நேரந்தானே என்று யன்னலை மூடிவிட்டு அடுப்பை எரியவிட்டேன். தொழுகை முடிந்தது. ஆனால் அன்று ஆட்கள் போகவில்லை. கேஸ் லொறி வரப்போகிறது என்று கதை. என் யன்னலுக்கு நேரே வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். "வருமாம்" என்றார் ஒருவர். "போன கிழமையும் வருமாம்தான்" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். நான் மூடிய யன்னல் கதவுக்கு இந்தப் பக்கம், கண் எரிய எரிய நின்றேன். மட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தேன். அணைந்த மட்டை எரிந்த மட்டையைவிடக் கூடப் புகைத்தது.

மகள் என்னைத் தேடி வந்தாள். "உம்மா, நெஞ்சுக்குள்ள பூனை கத்துது."

பம்பை அடித்தேன். ஆறவில்லை. திரும்ப அடித்தேன். விலாவுக்கடியில் குழி விழ விழ இழுத்தாள். உதடு வெளுத்தது. நான் யன்னலைத் தள்ளித் திறந்தேன். வெளியே நின்ற முகங்களெல்லாம் திரும்பின.

"புள்ளைக்கு மூச்சு முட்டுது!"

அவர்களில் ஒருவரோடுகூட நான் அதுவரை கதைத்ததில்லை. ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீதிப் பக்கம் ஓடினார். வயதான ஒருவர், "வெளிய கொண்டு வாங்க மகள், இஞ்சால காத்து இரிக்கு" என்றார். நான் பின்கதவால் பிள்ளையோடு ஓடினேன். ஓடியவர் பிடித்துவந்த த்ரீவீல் வந்து நிற்கும்போது கூட்டத்தைக் கண்டு மாமியும் ஓடி வந்தார். ஏறி உட்கார்ந்ததும் தன் ஷோலை எடுத்து என் தலையில் போட்டார். அப்போதுதான் நான் வெறுந்தலையோடு அத்தனை பேருக்கு முன்னால் நின்றது எனக்குத் தெரிந்தது. அவர் சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து ஆவி மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பூனை அடங்கியது. அவள் தூங்கிய பிறகு மாமி கேட்டார், "அடுப்ப அணைச்சியா?"

"அணைச்சிட்டன் மாமி."

"நாளைக்குப் பாங்கு சொன்னாலும் மூட வேணாம்."

வீட்டுக்கு வந்த பிறகு தன் பழைய சேலையொன்றைக் கிழித்து யன்னலின் கீழ்ப் பாதிக்குத் திரை தைத்துத் தந்தார். புகை மேற்பாதியால் போனது. ஷோல் இல்லாமல் நான் கீழ்ப்பாதிக்குள் குனிந்து சமைத்தேன்.

அடுத்த நாள் அந்த ஆண்கள் வழக்கம்போல யன்னலைத் திரும்பியும் பார்க்காமல் நடந்து போனார்கள். அது மரியாதை. எனக்கு அது விளங்காமலில்லை. ஆனாலும் யாராவது நின்று, "புள்ளைக்கு இப்ப எப்படி?" என்று கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். மகள் தூங்க, நான் பருப்புக் கழுவினேன்.

இன்றுவரை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கிறேன். தடிமன் காலையிலேயே இருந்தது, ஆகவே நான் அடுப்பே மூட்டாவிட்டாலும் வந்திருக்கும் என்று ஒருநாள். அந்த ஆண்கள் நின்ற நேரம் முழுவதும் நான் மூடி வைத்திருந்தேன், ஆகவே நான்தான் என்று மறுநாள். கஞ்சி வைக்க நினைத்தது பாசமா, பிழையா? என் பக்கத்தில் இருந்து, "நீங்க அப்படிச் செய்யல்ல" என்றோ "செஞ்சீங்கதான், போகட்டும்" என்றோ சொல்ல யாரும் இல்லை. தொலைபேசியில் கேட்டால் எல்லோரும் நல்ல பதிலையே சொல்கிறார்கள்.

கேஸ் திரும்ப வந்தது. மண் அடுப்பைச் சாக்கால் மூடி வைத்திருக்கிறேன். ஆனாலும் கச்சான் காலத்தில் காற்று கேஸ் சுவாலையையும் படுக்கப் போடுகிறது. மேற்கு யன்னலை மூடினால் பொரியலும் தாளிப்பும் குசினிக்குள்ளேயே சுற்றி, மகளுக்கு இருமல் வருகிறது. திறந்தால் கேஸ் வீணாகிறது, மணலும் வருகிறது. பாதி திறப்பேன், எழும்பிப் போய் மூடுவேன், திரும்பத் திறப்பேன்.

என் கணவர் அடுத்த விடுமுறையில் குசினிக் கூரையைத் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். எப்படி வேண்டும் என்று என்னையே தீர்மானிக்கச் சொல்லிவிட்டார். வேலை செய்ய வரும் மேசன், கூரையின் ஒரு பகுதியை ஒரு சாண் உயர்த்தி இடைவெளி விட்டால் புகையும் சூடும் தானாக மேலே போகும் என்கிறார். இந்தக் காற்றுக்குத் தகரமே பறந்துவிடும், மழையும் அடிக்கும் என்கிறார் மாமி. மாமியின் மகளான மச்சி, சுவரில் விசிறி பூட்டச் சொல்கிறார். கரண்ட் இல்லாத நாளில் அந்த விசிறி எனக்கு எதற்கு?

இதை வாசிப்பவர்களில் என்னைப்போலக் கடற்காற்றுக்கு நேரே வீடு உள்ளவர்கள் இருப்பீர்கள். இழுப்பு உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு சமைப்பவர்களும் இருப்பீர்கள். கூரையில் இடைவெளி விட்டுக் கட்டியவர்கள் அதை எந்தப் பக்கம் பார்த்து விட்டீர்கள்? காற்று வரும் பக்கமா, போகும் பக்கமா? கச்சான் நின்று வாடைக்காற்று திரும்பும் மாதங்களில் அதே இடைவெளியால் புகை மறுபடி உள்ளே வருகிறதா? அப்படி வந்தால் என்ன செய்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். பிழையாகிப் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். இந்த முறை கட்டி முடித்த பிறகு யோசிக்க எனக்கு விருப்பமில்லை.